ஆன்லைன் விற்பனையில் வம்பா..? சொன்ன சொல்லும் கையில் ஆதாரமும் இருந்தால் வழி உண்டு!

''எங்களுக்கு 2 ஏக்கர் கரும்பு இருக்கிறது. ஆலை ஆட்டி நாட்டுச்சர்க்கரை எடுக்கிறோம். ஒரு பகுதியை மார்க்கெட்டுக்கு மூட்டையாகப் போட்டுவிட்டு, மீதியை 14 மாதமாக வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூலம் நேரடியாக விற்கிறோம். போன மாதம் சென்னையில் ஒருவர் 10 கிலோ வாங்கினார். கிலோ 95 ரூபாய், கூரியர் 350 ரூபாய். மொத்தம் 1,300 ரூபாய். 12 நாள் கழித்து, 'சர்க்கரை கட்டியாகிவிட்டது, படத்தில் இருந்த நிறம் இல்லை, கருப்பாக இருக்கிறது. இது கலப்படம். கூரியர் காசோடு முழுப் பணமும் வேண்டும். இல்லையென்றால் எல்லா குரூப்பிலும் போடுவேன், நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போவேன்' என்று தினமும் மெசேஜ் அனுப்புகிறார். 2 கிலோவைப் பயன்படுத்திவிட்டார். மீதியைத் திருப்பி அனுப்பவும் மாட்டேன் என்கிறார். 'இந்த வம்பே வேண்டாம், எல்லாவற்றையும் பழையபடி வியாபாரிக்கே போட்டுவிடலாம்' என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்வது?''

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்.

இந்த வாசகி கேள்வியோடு நிறுத்தவில்லை. வாங்கியவர் அனுப்பிய படங்கள், இரண்டு பக்கத்து மெசேஜ்கள், தன்னுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டிருந்த படம், 14 மாத விற்பனை நோட்டு என எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறார். அதனால்தான் இந்தக் கேள்விக்கு உறுதியான பதில் சொல்ல முடிகிறது. வம்பு வந்த பிறகு விற்பவருக்குக் கை கொடுப்பது குரல் உயர்த்துவதல்ல. என்ன சொல்லி விற்றோம், எதை அனுப்பினோம் என்பதற்கான ஆதாரம்தான் கை கொடுக்கும்.

புகாரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்!

கோபத்தோடு வரும் புகாரை ஒரே மூட்டையாகத் தூக்கக் கூடாது. சென்னைக்காரர் மூன்று குறைகளைச் சொல்கிறார். கட்டியாகிவிட்டது, நிறம் மாறியிருக்கிறது, கலப்படம். மூன்றுக்கும் பதில் வேறு வேறு.

முதலில் கட்டி. கரும்புச் சாறில் சுக்ரோஸ் எனப்படும் சர்க்கரைச் சத்தோடு குளுக்கோஸ், பிரக்டோஸ் ஆகியவையும் இருக்கின்றன. இவையும் தாது உப்புகளும் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். வெள்ளைச் சர்க்கரையில் இவை பெரும்பாலும் நீக்கப்பட்டுவிடும். நாட்டுச்சர்க்கரையில் அப்படியே இருக்கும். எனவே, மழைக்காலத்தில் கவரைப் பிரித்து வைத்தால் கட்டி கட்டுவது இயல்பு. அது கெட்டுப்போனதற்கோ, கலப்படத்துக்கோ அடையாளம் அல்ல.

ஆனால், இதில் விற்பவர் பக்கமும் பார்க்க வேண்டியது உண்டு. வெட்டிய கரும்பை இரண்டு, மூன்று நாள் போட்டு வைத்து ஆட்டினால் சாறில் சுக்ரோஸ் உடைந்து, குளுக்கோஸும் பிரக்டோஸும் கூடும். அந்தச் சர்க்கரை சீக்கிரமே பிசுபிசுக்கும். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆட்டுவது நல்லது. உவர் நிலத்துக் கரும்பிலும், உப்புத் தண்ணீர் பாய்ந்த கரும்பிலும் எடுக்கும் சர்க்கரை கூடுதலாக ஈரம் இழுக்கும். சூடு ஆறுவதற்குள் கவரில் கட்டினால், உள்ளேயே வியர்த்துக் கட்டியாகும். வாசகி அனுப்பிய படத்தில் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் கவர். ஐப்பசி மழையில் நான்கு நாள் பயணம் செய்யும் சர்க்கரைக்கு அது போதாது.

அடுத்தது நிறம். கரும்பு ரகம், மண், தண்ணீர், பாகு காய்ச்சும் பக்குவம் என எல்லாமே நிறத்தை மாற்றும். ஒரே கொப்பரையில் இறக்கிய சர்க்கரையே காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம் என்று வருவது ஆலை ஆட்டுபவர்களுக்குத் தெரியும். பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்காகச் சிலர் 'ஹைட்ரோஸ்' எனப்படும் சோடியம் ஹைட்ரோ சல்பைட்டைப் போடுகிறார்கள். அதைப் போடாத சர்க்கரை கொஞ்சம் கருத்துத்தான் இருக்கும். இந்த விஷயம் விவசாயிக்குத் தெரியும். சென்னையில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இங்கேதான் வாசகிக்குக் கொஞ்சம் கசப்பான பதில். அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருப்பது போன வருடம் எடுத்த படம். அதில் சர்க்கரை பொன் நிறத்தில் இருக்கிறது. இப்போது அனுப்பியது அடர் பழுப்பு. 'நிறம் மாறும்' என்று ஒரு வரிகூட அங்கே எழுதவில்லை. சர்க்கரை தரமானதாகவே இருக்கலாம். ஆனால், காட்டியது ஒன்று, போனது ஒன்று. வாங்கியவரின் புகாரில் இந்தப் பகுதி நியாயமானது.

மூன்றாவது, கலப்படம். இது கண்ணால் பார்த்துச் சொல்லிவிடக் கூடிய விஷயம் அல்ல. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்தால், சுண்ணாம்புத் தூள் கலந்திருந்தால் அடியில் வெள்ளையாகப் படியும். இது வீட்டில் செய்யக் கூடிய எளிய சோதனை மட்டுமே. உறுதியான பதில் ஆய்வகத்தில்தான் கிடைக்கும். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை வாங்கியவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துப் பரிசோதிக்கலாம். தமிழ்நாட்டில் சென்னை கிண்டி, சேலம், கோயம்புத்தூர் உட்பட சில ஊர்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. 'பரிசோதனை செய்யுங்கள். கலப்படம் என்று வந்தால் பொருளின் விலையோடு பரிசோதனைக் கட்டணத்தையும் தருகிறோம்' என்று சொல்லும் தைரியம் நேர்மையாக விற்பவருக்கு இருக்கும். அந்த ஒரு வரி, பத்து நாள் சண்டையை நிறுத்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்-2019, அடுத்த ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் மின் வணிகத்துக்கான விதிகளும் வந்தன. குறைபாடு உள்ள பொருள், போலியான பொருள், விளம்பரத்தில் சொன்ன தன்மைக்கு மாறான பொருள், சொன்ன தேதிக்குப் பிறகு தாமதமாக வந்த பொருள் ஆகியவற்றைத் திரும்பப் பெறவோ, பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன அந்த விதிகள். வெள்ளம், புயல் போன்ற காரணங்களால் ஏற்படும் தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் இருக்கிறது. எனவே, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பக்கத்தில் போட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்கக் கூடாது.

அதேசமயம், வாங்கியவர் எது கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. சொன்னபடி, சொன்ன தரத்தில், சொன்ன நாளில் போய்ச் சேர்ந்த பொருளை, 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று மட்டும் சொல்லிப் பணம் கேட்டால், விற்பவர் தன்னுடைய நிபந்தனைப்படி முடிவெடுக்கலாம். அந்த நிபந்தனை, பணம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் இருந்திருக்க வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்பதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அவருடைய உரிமை. வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. ஆக, ஈரோட்டில் இருப்பவர் சென்னைக்கு அலைய நேரலாம். ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் மட்டும் அலட்சியம் கூடாது. 30 நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள் கிடைக்கும். அதற்கு மேல் கிடையாது. 1,300 ரூபாய் விவகாரம் அந்த அளவுக்குப் போகாமல், மெசேஜிலேயே முடிப்பதுதான் இரண்டு பக்கத்துக்கும் லாபம்.

வாசகி அனுப்ப வேண்டிய பதில்!

தினமும் வரும் ஒவ்வொரு மெசேஜுக்கும் பதில் எழுதினால், வார்த்தை தடித்துவிடும். போனில் பேசித் தீர்த்தாலும், பேசியதை மெசேஜில் ஒரு முறை எழுதிவிட வேண்டும். நியாயமான பகுதியை ஒப்புக்கொண்டு, நியாயமில்லாததை மறுத்து, இரண்டு வழியைச் சொல்லி, முடிவை அவரிடம் விட வேண்டும். இப்படி எழுதலாம்:

'வணக்கம் சார். உங்கள் புகாரும் படங்களும் கிடைத்தன. எங்கள் பக்கத்தில் இருக்கும் படத்தைவிட உங்களுக்கு வந்த சர்க்கரை கருப்பாக இருப்பது உண்மை. அதை நாங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் ஹைட்ரோஸ் போடுவதில்லை. அதனால் நிறம் மாறி மாறி வரும். மழைக்காலத்தில் கட்டி கட்டுவது நாட்டுச்சர்க்கரையின் இயல்பு. கலப்படம் எதுவும் இல்லை. நீங்கள் அரசு ஆய்வகத்தில் பரிசோதித்து, கலப்படம் என்று முடிவு வந்தால் முழுப் பணத்தோடு ஆய்வுக் கட்டணத்தையும் தருகிறோம். இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மீதி 8 கிலோவை எங்கள் செலவில் கூரியர் ஆள் வந்து எடுத்துக்கொள்வார். சர்க்கரை வந்து சேர்ந்த 3 நாளில் அதற்கான 760 ரூபாயையும், நீங்கள் கட்டிய கூரியர் 350 ரூபாயையும் அனுப்புகிறோம். இரண்டு, சர்க்கரையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 300 ரூபாய் திருப்பி அனுப்புகிறோம். எது வசதி என்று 7 நாளுக்குள் சொல்லுங்கள்.'

இதில் கெஞ்சலும் இல்லை, சண்டையும் இல்லை. பொருளையும் வைத்துக்கொண்டு முழுப் பணமும் கேட்பதற்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. நாளைக்கு இந்த விவகாரம் எங்கே போனாலும், 'விற்பவர் நியாயமாகத்தான் நடந்திருக்கிறார்' என்று இந்த மெசேஜே சொல்லும்.

வாசகியின் கணக்குக்கு இரண்டாவது வழிதான் சிக்கனம். திரும்பி வரும் சர்க்கரைக்கு மறுபடியும் 300 ரூபாய்க்கு மேல் கூரியர் ஆகும். வந்ததை வேறு ஒருவருக்கு விற்கவும் கூடாது. ஒருவர் வீட்டுக்குப் போய்த் திரும்பிய உணவுப் பொருள் எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதை இன்னொரு கவரில் போட்டு அனுப்பினால், அடுத்த புகார் உண்மையான புகாராக இருக்கும்.

குரூப்பில் போடுவேன் என்றால்..?

தன் அனுபவத்தை எழுதுவது வாங்கியவர் உரிமை. அதைத் தடுக்கப் பணம் கொடுக்கத் தொடங்கினால், அது பழக்கமாகிவிடும். அவர் எழுதினால், அதற்குக் கீழே ஒரே ஒரு பதில் போதும். 'நிறம் மாறியதை ஒப்புக்கொண்டோம். இன்ன தேதியில் இரண்டு வழி சொல்லியிருக்கிறோம். இன்றும் அந்த வாய்ப்பு இருக்கிறது' என்று அமைதியாக எழுதிவிட்டு விலகிவிட வேண்டும். படிக்கும் மற்றவர்கள் குறையைவிட, குறைக்கு விற்பவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதைத்தான் கவனிப்பார்கள். வாங்கியவரின் பெயர், போன் நம்பர், முகவரி ஆகியவற்றைப் பதிலுக்குப் போடக் கூடாது. சொந்தக்காரர்களைவிட்டு நல்ல ரிவ்யூ எழுதச் சொல்லவும் கூடாது. விற்பவரே வாங்கியவர் போல ரிவ்யூ எழுதுவதை மின் வணிக விதிகள் தடை செய்கின்றன.

ஆலை ஆட்டியதையே நிறுத்த வேண்டுமா?

வீட்டுக்காரரின் கோபத்தைக் குறை சொல்ல முடியாது. பகலெல்லாம் காட்டு வேலை, ராத்திரியில் போனைத் திறந்தால் திட்டு என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால், முடிவெடுக்கும் முன் வாசகியின் விற்பனை நோட்டைப் பார்க்கலாம்.

14 மாதத்தில் 840 பார்சல் போயிருக்கிறது. பார்சலுக்குச் சராசரியாக 3 கிலோ. மொத்தம் 2,520 கிலோ. வியாபாரிக்குப் போட்டால் இவருக்குக் கிடைத்த விலை கிலோவுக்கு 48 ரூபாய். நேரடி விலை 95 ரூபாய். கவர், பெட்டி, லேபிள், ஆள்கூலி, கூரியர் ஆபீஸ் போய்வரும் செலவு என்று 15 ரூபாயைக் கழித்தாலும் கிலோவுக்கு 32 ரூபாய் கூடுதல். அதாவது, 14 மாதத்தில் சுமார் 80,000 ரூபாய்.

இதே காலத்தில் பணம் திருப்பிக் கேட்டவர்கள் 9 பேர். ஒன்பது பேருக்கும் கூரியரோடு முழுப் பணத்தைக் கொடுத்திருந்தால்கூட 5,000 ரூபாய்க்குள்தான் வரும். அந்த 9 பேரில் 5 பேரின் புகார், கவர் கிழிந்து சர்க்கரை கொட்டியது. 2 பேருக்கு முகவரி தவறு. 2 பேர் மட்டுமே நிறத்தைச் சொன்னவர்கள். ஆக, பாதிக்கு மேல் வம்பு கவரில் இருக்கிறது, மனிதர்களிடம் இல்லை. கெட்டியான கவரும், அதற்கு வெளியே அட்டைப்பெட்டியும் போட்டால் தீரக் கூடிய விஷயம்.

நெல் நடும்போது பாடுவாசி நிரப்புவதற்கென்று நாற்றங்காலில் கொஞ்சம் நாற்று மிச்சம் வைப்பதில்லையா? அதுபோல விற்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 2 ரூபாயைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். உடைந்தது, கொட்டியது, திருப்பிக் கொடுத்தது எல்லாம் அதிலிருந்து போகட்டும். அப்படி வைத்துவிட்டால், ஒவ்வொரு ரீஃபண்டும் வீட்டுச் செலவில் கை வைப்பதுபோலத் தோன்றாது. நேரடி விற்பனையை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. மழை மாதங்களில் மட்டும் மார்க்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, பார்சல் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

பார்சல் கிளம்பும் முன் செய்ய வேண்டியவை!

1. ஒவ்வொரு முறை ஆலை ஆட்டியதும், அந்தச் சர்க்கரையைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட வேண்டும். பழைய படத்தை எடுத்துவிட வேண்டும். 'ஹைட்ரோஸ் சேர்க்காததால் நிறம் மாறும். மழைக்காலத்தில் கட்டி கட்டும். காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும்' என்று படத்தின் கீழேயும், கவரின் மேலேயும் எழுத வேண்டும்.

2. நாட்டுச்சர்க்கரை, மரச்செக்கு எண்ணெய், மஞ்சள் தூள் போன்ற பதப்படுத்திய பொருள்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு அல்லது உரிமம் வேண்டும். 'ஃபாஸ்கோஸ்' இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 14 இலக்க எண்ணைக் கவரில் அச்சிட வேண்டும்.

3. கவரில் பொருளின் பெயர், நிகர எடை, பேக் செய்த மாதம், விலை, தயாரித்தவர் முகவரி, புகார் சொல்ல வேண்டிய போன் நம்பர் ஆகியவை இருக்க வேண்டும். எந்த நாள் ஆட்டிய சர்க்கரை என்று தெரியும்படி ஓர் எண்ணும் இருந்தால், ஒரு கவரில் குறை வந்தால் அந்த நாளின் மற்ற கவர்களையும் பார்த்துவிடலாம்.

4. பார்சலை ஒட்டுவதற்கு முன் தராசில் எடை தெரியும்படி ஒரு படம், பெட்டிக்குள் பொருள் இருக்கும்படி ஒரு படம், ஒட்டிய பிறகு முகவரியோடு ஒரு படம் என்று மூன்று படம் எடுக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. மூன்று மாதமாவது அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

5. பணம் வாங்கும் முன் நிபந்தனையை மெசேஜில் அனுப்ப வேண்டும். 'உடைந்தோ, கொட்டியோ, எடை குறைந்தோ வந்தால் 48 மணி நேரத்துக்குள் படத்தோடு சொல்லுங்கள். மாற்றுப் பொருளோ, பணமோ தருகிறோம்' என்பது போதும். பார்சலைப் பிரிக்கும் வீடியோ இருந்தால் நல்லது என்று கேட்கலாம். வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான புகாரைத் தள்ளக் கூடாது.

6. முகவரி, பின்கோடு, போன் நம்பர் மூன்றையும் திருப்பி அனுப்பி, 'சரிதானா?' என்று கேட்டு, பதில் வந்த பிறகே பார்சல் கட்ட வேண்டும். வாசகியின் நோட்டில் இருக்கும் இரண்டு முகவரித் தவறும் இதில் நின்றுவிடும்.

பெரிய ஆன்லைன் தளங்கள் வழியாக விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திரும்பி வந்த பொருள் மாறியிருந்தாலோ, காலிப் பெட்டி வந்தாலோ, அதைத் தளத்தில் முறையிடக் காலக்கெடு உண்டு. பெட்டியைக் கூரியர் ஆள் முன்பாகவே பிரித்து வீடியோ எடுத்து, அன்றைக்கே புகாரைப் பதிவு செய்துவிட வேண்டும்.

''கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து 5 கிலோ பெட்டிகளில் மாம்பழம் அனுப்புகிறோம். 'நான்கு பழம் அழுகிவிட்டது' என்று ஒரு படத்தை அனுப்பி முழுப் பணம் கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?''

அழுகிய பழத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்துக் கொடுப்பது நியாயம். ஆனால், இதை விற்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பெட்டி கிடைத்த 24 மணி நேரத்துக்குள், எல்லாப் பழங்களையும் ஒன்றாக வைத்து, பெட்டியின் மேல் இருக்கும் முகவரிச் சீட்டும் தெரியும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். அழுகிய பழங்களை மட்டும் கிட்டத்தில் எடுத்த படம், எந்தப் பெட்டியில் வந்தது என்று சொல்லாது.

கூரியரில் அனுப்புவதற்குக் கனிந்த பழம் ஆகாது. நன்கு முற்றிய, கெட்டியான காயைக் காம்போடு பறித்து, பால் வடியவிட்டு அனுப்ப வேண்டும். 52 டிகிரி செல்சியஸ் சூடான நீரில் 5 நிமிடம் வைத்து, ஆறவிட்டு, ஈரம் உலர்ந்த பிறகு பெட்டியில் அடுக்கினால் பறவைக்கண் நோயால் வரும் அழுகல் குறையும். வழியில் ஈரம் போய் எடை குறையும் என்பதால், 5 கிலோ பெட்டியில் ஒரு பழம் கூடுதலாக வைக்கலாம். சீக்கிரம் பழுக்க வேண்டும் என்று கால்சியம் கார்பைடு கல் வைப்பது சட்டப்படி தடை. அதைச் செய்துவிட்டு எந்த வாடிக்கையாளரிடமும் நியாயம் பேச முடியாது.

''ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்லி 20 மூட்டை நிலக்கடலை கேட்டார் ஒருவர். 'முன்பணத்துக்குப் பதிலாகத் தவறுதலாக 15,000 ரூபாய் கூடுதலாக அனுப்பிவிட்டேன், உடனே திருப்பி அனுப்புங்கள்' என்று எஸ்.எம்.எஸ் காட்டி அவசரப்படுத்துகிறார். என்ன செய்வது?''

ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. இது ரீஃபண்ட் கேட்கும் வாடிக்கையாளர் அல்ல, மோசடி. வந்திருக்கும் எஸ்.எம்.எஸ் வங்கியிலிருந்து வந்ததா, அவர் நம்பரிலிருந்தே வந்ததா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஸ்கிரீன்ஷாட், எஸ்.எம்.எஸ் எதையும் நம்பாமல், வங்கிக் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாஸ்புக்கிலோ, வங்கியின் செயலியிலோ பார்க்க வேண்டும். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ பின் நம்பரைப் போட வேண்டிய வேலையே இல்லை. 'பணம் அனுப்புகிறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்' என்று யார் சொன்னாலும், பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம்.

உண்மையான ரீஃபண்ட் என்றாலும் ஒரு முறை உண்டு. பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ, அதே கணக்குக்குத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். 'என் தம்பி நம்பருக்கு அனுப்புங்கள்' என்றால் கூடாது. அனுப்பிய பிறகு, பரிவர்த்தனை எண்ணோடு, 'இன்ன பார்சலுக்கு இவ்வளவு ரூபாய் திருப்பிக் கொடுத்துவிட்டோம்' என்று மெசேஜில் எழுதிவிட வேண்டும்.

ஏற்கெனவே பணத்தை அனுப்பி ஏமாந்திருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்க வேண்டாம். உடனடியாக 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு கூடும்.